போட்டோவுக்கு மட்டும் வெயில்

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்களேன். எனக்கு இல்லங்க, எனக்கு இந்த இடமே தாராளம். இந்தச் சார்ட்டுக்குத்தான். மேல வச்சா எவனாவது மூட்டையத் தூக்கிப் போட்டு நசுக்கிருவான். இது மடங்காமக் கசங்காம டவுனுக்குப் போய்ச் சேரணும். பதினோரு மணிக்கு விசாரணை.

அட, பயந்துராதீங்க. திருட்டு, கொலைன்னு ஒண்ணும் இல்ல. நான் டீச்சருங்க. அமலோற்பவம் டீச்சர்னா எங்க பக்கம் யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. நடுநிலைப் பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு. இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு நாள் லேட்டாப் போனதுன்னு கிடையாது, ஒரு மெமோ வாங்கினதுன்னு கிடையாது. இன்னைக்கு என்னையக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க. எதுக்குன்னு கேளுங்க. தினமும் காலைல புள்ளைங்கள வட்டமா உக்கார வச்சு "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டேன் பாருங்க, அதுக்கு. கேட்டதுக்குங்க! கேக்காதவங்க எல்லாம் நிம்மதியா வீட்ல உக்காந்து டீ குடிக்கிறாங்க.

நீங்க எங்க, பெரியாஸ்பத்திரிக்கா? தூக்குவாளியப் பாத்ததும் நெனச்சேன். வீட்டுக்காரருக்கா? சரியாப் போயிரும், கவலப்படாதீங்க. அங்க சாப்பாடு ஒண்ணும் மோசமில்ல, ஆனா ரசம் மட்டும் வாயில வைக்க முடியாது. கொண்டு போறீங்கள்ல, நல்லது.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, போன ஆடி மாசம் எங்களுக்கு மூணு நாள் பயிற்சி போட்டாங்க. 'காலை வட்டம்'னு பேரு. ஆறு, ஏழு, எட்டு, இந்த மூணு வகுப்புக்கு மட்டும். அந்த வயசுப் புள்ளைங்க மனசுல இருக்கிறத வெளிய சொல்லாதுங்களாம், அதுக்காக. பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் எல்லாரும் தரையில வட்டமா உக்காரணும். டீச்சரும் தரையிலதான், நாற்காலி கூடாது. என் முழங்காலுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முதல்ல ஒரு பந்த உருட்டி விடணும். பந்து யார்கிட்டப் போகுதோ அவங்க பேரச் சொல்லி எல்லாரும் வணக்கம் சொல்லணும். அப்புறம் அன்னைக்கு ஒரு கேள்வி. நேத்து நீ பாத்த நல்ல விஷயம் என்ன, உனக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன, இந்த மாதிரி. ஒவ்வொருத்தரா சொல்லணும். நடுவுல யாரும் குறுக்க பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. சொல்லி முடிச்சதும் எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்கி விரல ஆட்டி, பூத் தூவுற மாதிரி, கடைசில ஒரு தட்டு. பூக் கைதட்டல்னு பேரு.

நல்லாத்தாங்க இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. வாயே திறக்காத புள்ளைங்கல்லாம் பேசுச்சு. முருகவேல்னு ஒருத்தன், அஞ்சு வருஷமா அவன் குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது, அவன் அவங்க வீட்டு ஆடு ரெட்டைக்குட்டி போட்டத அரைமணி நேரம் சொல்றான். நிறுத்த முடியல. எனக்கே சிரிப்பு வந்திருச்சு. எங்க ஹெட்மாஸ்டர் தவமணி சார் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, "டீச்சர், பாடம் எப்ப நடத்துவீங்க?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. பொறாமைதான்.

அதுல கடைசி வேலை இந்தச் சார்ட்டு. மூணு படம் இருக்கும். வெயில், மேகம், மழை. மனசு சந்தோஷமா இருந்தா வெயில், சுமாரா இருந்தா மேகம், துக்கமா இருந்தா மழை. படத்துக்குக் கீழ நூல் கட்டியிருக்கும். ஒவ்வொரு புள்ளையும் அதோட பேர்ச்சீட்ட எடுத்து, துணி காயப்போடுற கிளிப்பால மாட்டணும். நானே வரைஞ்சேங்க, ராத்திரி உக்காந்து கலர் அடிச்சேன். சூரியனுக்குக் கண்ணு மூக்கு வச்சேன்.

முதல் நாள் என்ன ஆச்சு தெரியுமா? பத்தொன்பது புள்ளைங்க. பதினெட்டு சீட்டு மழையில தொங்குது! தினமும் சார்ட்டப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடணும், நானும் கவனிக்காமப் போட்டுட்டேன். பயிற்சி குடுத்த மேடம் உடனே போன். "என்னம்மா உங்க பள்ளிக்கூடத்துல, ஒட்டுமொத்தமா ஒப்பாரி வைக்கிறீங்களா?" எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. புள்ளைங்களக் கேட்டா, "மழை பெஞ்சா சந்தோஷந்தான டீச்சர்?"ங்குது. எங்க ஊரு பொட்டக்காடுங்க. கருவேலத்த வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பாதிப் பேரு பொழைக்கிறாங்க. கம்மாய் நெறஞ்சு நாலு வருஷமாச்சு. அந்தப் புள்ளைங்ககிட்டப் போய் மழைன்னா துக்கம்னு சொன்னா எப்படி ஏறும்? "இங்க பாருங்க, இந்தச் சார்ட்டுல மட்டும் வெயில்னா நல்லது, மழைன்னா கெட்டது"ன்னு ஒரு வாரம் சொல்லிக் குடுத்தேன். "வெயிலு எப்படி டீச்சர் நல்லது?"ன்னு அந்த முருகவேல் கேட்டுக்கிட்டே இருந்தான். வாய மூடுறான்னேன்.

பதினெட்டுப் பேரு மழைன்னு சொன்னேன்ல. அந்தப் பத்தொன்பதாவது ஒருத்தி அன்னைக்கு வெயில்ல மாட்டியிருந்தா. முத்திருளாயி. எங்க ஊரு கணக்குப்படி வெயில்னா கஷ்டம். நான் சொல்லிக் குடுத்ததும் எல்லாரும் வெயிலுக்குப் போனாங்க, அவ மட்டும் மழைக்கு வந்துட்டா.

அவளப் பத்தித்தாங்க விசாரணை.

நல்ல புள்ள. பதிமூணு வயசு. கணக்குல கெட்டிக்காரி. அப்பன் ஆத்தா ரெண்டு பேருமே கரிமூட்டத்துக்குப் போறவங்க. புள்ள பாவாடையெல்லாம் கரியாத்தான் இருக்கும், ஆனா நோட்டு மட்டும் கண்ணுல ஒத்திக்கலாம், அவ்வளவு சுத்தம். அவளுக்கு ஒரே ஒரு அக்கா. போன சித்திரையில அந்த அக்கா பிரசவத்துல போய்ச் சேந்துருச்சு. புள்ள மட்டும் தப்பிச்சிருச்சு, பொம்பளப்புள்ள. அந்தக் கைப்பிள்ளைய இவதான் வளக்குறா. காலைல பால் கரைச்சுக் குடுத்து, குளிப்பாட்டித் தூங்கப்போட்டுட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கே வருவா. அப்ப அவ சீட்டு மழையில இருக்கிறதுல என்ன அதிசயம்? துக்கம் இருக்கத்தான செய்யும். கொஞ்ச நாள்ல ஆறிரும்னு நெனச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான நெனச்சிருப்பீங்க?

நெனச்சதோட விட்டேனான்னா, இல்லங்க. விதிப்படி என்ன செய்யணுமோ செஞ்சேன். ஒரு புள்ள தொடர்ந்து மூணு நாள் மழையில இருந்தா ஒரு படிவம் நிரப்பணும். நாலு பக்கம். வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா, என்ன பேசினீங்க, பெத்தவங்க கையெழுத்து எல்லாம் இருக்கணும். நான் போனேன். ஆவணி மாசத்து வெயில்ல, ரெண்டு கிலோமீட்டர் நடந்து போனேன். வீட்ல யாரும் இல்ல, எல்லாம் மூட்டத்துக்குப் போயிருச்சு. அக்கா புருசன் மட்டும் வாசல்ல உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டிருந்தான். முப்பது வயசிருக்கும். அவன்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டேன். 'உடன்பிறந்தவர் இறந்த துக்கம். ஆறுதல் கூறப்பட்டது'ன்னு எழுதினேன்.

முடிஞ்சுதுன்னு பாத்தா, அந்தப் படிவத்தோட கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருக்கான், மழையில இருக்கிற வரைக்கும் வாரா வாரம் நிரப்பணும்னு! சொல்லுங்க, நான் ஒருத்தி. ஆறுக்கும் எட்டுக்கும் அறிவியல், எட்டுக்குத் தமிழ், முட்டைக் கணக்கு, பஸ் பாஸ், சைக்கிள் லிஸ்ட், எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்தணும். ஒரு புள்ள ஒரு சீட்ட மாட்டுற இடத்துக்காக நான் வாராவாரம் அந்தப் பொட்டல்ல நடக்கணுமா?

அதுக்கப்புறந்தான் சொன்னேன். மிரட்டல்லாம் இல்லங்க, அன்பாத்தான் சொன்னேன். "ஏத்தா முத்திருளாயி, டீச்சர் போட்டோ எடுக்கப்போறேன். போட்டோவுக்கு மட்டும் வெயில்ல மாட்டுத்தா." அவ்வளவுதான். அவளும் எந்திரிச்சு வந்து கிளிப்ப எடுத்து வெயில்ல மாட்டினா. நான் எடுத்து அனுப்பினேன். மேடம் கட்டவிரல் போட்டாங்க. எவ்வளவு சுலபமா முடிஞ்சது பாருங்க.

ஆனா அவ ஒண்ணு செய்வா. போட்டோ எடுத்து முடிச்சு நான் போனப் பைக்குள்ள போட்டதும், பூனை மாதிரி எந்திரிச்சு வந்து சீட்டத் திருப்பி மழைக்கு மாத்திட்டுப் போயி உக்காந்துருவா. தினமும். அத்தன மாசமும் அதே மாதிரி. நான் கண்டுக்க மாட்டேன். போட்டோதான் முடிஞ்சிருச்சே. புள்ளைங்களக் கட்டாயப்படுத்தக் கூடாது, அதுவும் பயிற்சியில சொன்னதுதான்.

டிக்கெட்டா? எடுத்தாச்சுப்பா, அப்பவே எடுத்தாச்சு. இந்தாளு நாலாவது தடவையாக் கேக்குறாரு.

எங்க விட்டேன்? ஆங். இப்ப என்ன கேக்குறாங்கன்னா, "எட்டு மாசமா தினமும் உக்கார வச்சுப் பேசியிருக்கீங்க. அந்தக் குழந்த உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"ங்கிறாங்க. எனக்குக் கோபம் வருது பாருங்க, இவங்க மேல இல்ல, அவ மேல. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? பந்து அவகிட்ட உருண்டு போகுது, நாங்க எல்லாரும் அவ பேரச் சொல்லி வணக்கம் சொல்றோம், அவ வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். இதுக்கு மேல ஒரு புள்ளைக்கு என்ன வசதி பண்ணிக் குடுக்க முடியும்?

தை மாசம்னு நெனைக்கிறேன், பொங்கல் லீவு முடிஞ்சு வந்தப்போ. அன்னைக்குக் கேள்வி, 'உங்க வீட்டில் ஒரு புதுச் செய்தி'. எல்லாரும் புதுச் சட்டை, புது டிவின்னு சொல்றாங்க. இவ முறை வந்துச்சு. பந்த மடியில வச்சுக்கிட்டு, "எங்க அக்கா புள்ள பேச ஆரம்பிச்சிருச்சு டீச்சர்"னா. அப்படியான்னேன். "என்னைய அம்மான்னு கூப்பிடச் சொல்லிப் பழக்குறாங்க டீச்சர்"னா. எனக்கு அப்படியே மனசு குளுந்து போச்சுங்க. தாயில்லாப் பிள்ளைக்கு இவ தாயா இருக்கா, எவ்வளவு பெரிய மனசு! "அடடா, அடடா! எல்லாரும் முத்திருளாயிக்குப் பூக் கைதட்டல்!"னேன். எல்லாரும் கையத் தூக்கி விரல ஆட்டித் தட்டினாங்க. அவ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் பந்த அடுத்த புள்ளைக்கு உருட்டி விட்டுட்டா.

அப்புறம் ஒரு நாள் மதியம் என் மேசைக்கிட்ட வந்து நின்னா. நான் முட்டைக் கணக்க ஏத்திக்கிட்டிருக்கேன், நெட்டு சுத்துது, சுத்துது, ஏறவே மாட்டேங்குது. "என்னத்தா?"ன்னேன். "நம்ம பள்ளிக்கூடத்துல ஒன்பதாவது வருமா டீச்சர்?"னா. "அதெப்படி வரும், எட்டோட சரி. அப்புறம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகணும்"னேன். நின்னுக்கிட்டே இருந்தா. "வேற என்ன?" "ஒண்ணுமில்ல டீச்சர்." ஒண்ணுமில்லன்னுதான சொன்னா? ஒண்ணுமில்லன்னா போன்னு சொல்லிட்டேன். அவ சொன்னதத்தான நான் நம்ப முடியும்? பயிற்சியிலயும் அதத்தான் சொன்னாங்க, புள்ளைங்க சொல்றத நம்புங்கன்னு.

அதுக்கப்புறம் மாசி. ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைன்னா எப்பவும் ஒரே கேள்விதான், 'சனி ஞாயிறு என்ன செய்யப்போறேன்'. ஒருத்தன் கிரிக்கெட், ஒருத்தி மாமா வீடு. முத்திருளாயி என்ன சொன்னா தெரியுமா? "எங்க வீட்ல விசேஷம் டீச்சர்." விசேஷம்னா சந்தோஷமான வார்த்ததானங்க? ஊர்ல யாரக் கேட்டாலும் சந்தோஷம்னுதான சொல்லுவாங்க? நானும் சிரிச்சுக்கிட்டே, "ஓகோ! திங்கக்கிழமை எங்களுக்கெல்லாம் பலகாரம் கொண்டு வருவியா?"ன்னேன். "ம்"னா. பூக் கைதட்டல். "ஏத்தா, போட்டோ"ன்னேன். வந்து வெயில்ல மாட்டினா. எடுத்தேன்.

அந்தப் போட்டோ இதோ இருக்கு பாருங்க. தேதி, மணி எல்லாம் இருக்கு. ஒன்பது இருபத்திரண்டு. இந்தா, சூரியனுக்கு மூக்குக்குக் கீழ, மு-த்-தி-ரு-ளா-யி. ஆவணியில இருந்து எடுத்த போட்டோவையெல்லாம் பிரிண்ட் போட்டுக் கொண்டு போறேன். நூத்திப் பதினெட்டு. எல்லாத்துலயும் வெயில்ல இருக்கா. குழந்த சந்தோஷமாத்தான் இருந்துச்சுங்கிறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

என்ன விசேஷம்னு கேக்குறீங்களா? அட, அதச் சொல்லலையா நான்? கல்யாணங்க. அந்த அக்கா புருசனுக்கே இவளக் கட்டி வச்சுட்டாங்க. கைப்பிள்ளைக்கு ஆள் வேணும், வெளிய இருந்து ஒருத்தி வந்தா சித்திக்கொடும ஆயிரும்னு. அதுக்காகத்தான் அந்தப் புள்ளைக்கு இவள அம்மான்னு கூப்பிடப் பழக்கினது. பதிமூணு வயசு, மாதாவே.

எனக்கு யாரும் சொல்லலைங்க. ஊரே ஊமையாட்டம் இருந்துருச்சு. எங்க சத்துணவு ஆயா சோலையம்மாதான் போன் போட்டிருக்கா, அந்தப் பத்து தொண்ணூத்தெட்டுக்கு, புள்ளைங்களக் காப்பாத்துற கவர்மெண்ட் நம்பருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலமே. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல! இருபது வருஷமா ஒரே வளாகத்துல இருக்கோம், என் தட்டுல சோறு போடுறவ. "ஏன் சோலையம்மா, என்கிட்டச் சொல்லியிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா?"ன்னு கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "நீங்க போட்டோ எடுத்துட்டீங்களே டீச்சர்." இதுக்கு என்ன அர்த்தம்? திமிர்தான்.

அவங்க சனிக்கிழமை ஜீப் எடுத்துக்கிட்டு வந்தப்போ வீடு பூட்டிக் கெடந்துச்சு. அன்னைக்கே எல்லாம் குலசாமி கோயிலுக்குக் கிளம்பிப் போயிருச்சு. ஞாயித்துக்கிழமை விடியக்காலைல தாலி ஏறிருச்சு. திங்கக்கிழமைதான் தேடிப் பிடிச்சு அவளக் கூட்டிட்டு வந்து டவுன்ல ஹோம்ல வச்சிருக்காங்க. ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்கலாமாம். அதத்தான் கேக்குறாங்க. ஒரு வாரம் முன்னாடி உங்களுக்குத் தெரியாதா, ஒரு மாசம் முன்னாடி தெரியாதான்னு. சோலையம்மாவுக்குத் தெரிஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு.

அவளுக்கு எப்படித் தெரிஞ்சதாம்? அதுதான் கூத்து. அந்த வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட்டுட்டு வெளையாடப் போயிருச்சு. முத்திருளாயி மட்டும் கையில சோத்துப் பருக்கைய எடுத்துக்கிட்டு வகுப்புக்குள்ள போயிருக்கா. என்னத்தான்னு சோலையம்மா பின்னாடியே போய்ப் பாத்திருக்கா. கிளிப்ப எல்லாம் கழட்டிப் போட்டுட்டு, பேர்ச்சீட்டுக்குப் பின்னாடி சோத்தத் தேச்சு, மழைப் படத்து மேல வச்சு அமுக்கிக்கிட்டு நிக்கிறாளாம். "ஏன் இப்படிச் செய்யுற?"ன்னதுக்கு, "திங்கக்கிழம நான் இருக்க மாட்டேன் அத்தை. போட்டோவுக்கு யாரும் மாத்திரக் கூடாது"ன்னாளாம். அப்புறம் சோலையம்மா உக்கார வச்சு மெல்லக் கேட்டிருக்கா, கொட்டிட்டா. எல்லாத்தையும்.

அவகிட்டச் சொல்லத் தெரியுதுல்ல? வட்டமும் இல்ல, பந்தும் இல்ல, அடுப்படியில பாத்திரம் கழுவுறவகிட்டச் சொல்லத் தெரியுது. எனக்கு அதுதாங்க ஆத்தாமை. என் புள்ள மாதிரி வச்சிருந்தேன் அவள.

பாருங்க, ரயில்வே கேட்ட மூடிட்டான். நல்லதாப் போச்சு, வண்டி ஆடாது. ஒரு உதவி பண்ணுறீங்களா? இந்தச் சார்ட்ட விரிக்கிறேன், அந்த ஓரத்தக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. தூக்குவாளியக் காலுக்கிடையில வச்சுக்கோங்க, ஒண்ணும் ஆகாது. 'வகுப்பில் பயன்படுத்திய பொருள்கள் அனைத்தும்' கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. தவமணி சார் சொன்னாரு, "புதுசா ஒண்ணு வரைஞ்சு எடுத்துட்டுப் போயிருங்க டீச்சர், யாருக்குத் தெரியப்போகுது"ன்னு. நான் மாட்டேன்னுட்டேன். என் சர்வீஸ்ல பொய்யா ஒரு பேப்பர் தயார் பண்ணினதில்ல. அதே பழைய சார்ட்டுதான் இது. இந்த ஒரு சீட்ட மட்டும் எடுத்துட்டாப் போதும்.

இந்தா இருக்கு பாருங்க, மழைப் படத்து மேல. எப்படி ஒட்டியிருக்கா பாத்தீங்களா? நாலு மூலையும் அமுங்கி, ஒரு நகம் போகல உள்ள. திங்கக்கிழமை காலைல வட்டத்துலதான் பாத்தேன். அவ வரல, சீட்டு மட்டும் இருக்கு. இழுத்தா வரல. மணி ஒன்பது இருபது, போட்டோ அனுப்பணும். என்ன பண்றதுன்னு தெரியாம என் கைக்குட்டைய அந்த இடத்துல தொங்க விட்டு எடுத்து அனுப்பிட்டேன். 'நூறு சதம் வெயில், வாழ்த்துகள்'னு மேடம் குரூப்ல போட்டாங்க. அதே நேரத்துக்கு ஜீப்புல அவளக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, கழுத்துல மஞ்சக்கயித்தோட. எனக்கு மத்தியானந்தான் தெரியும்.

உங்க பாட்டில்ல தண்ணி இருக்கா? ரெண்டு சொட்டு. ஊற வச்சா வந்துரும். சோறுதான, எவ்வளவு நேரம் நிக்கும். மெதுவா... மெதுவா... ஐயோ, கிழியுதே. நீங்க நல்லாப் பிடிங்க, ஏன் விட்டீங்க? பிடிங்கங்க. ஒரு ஹேர்பின் இருந்தாக் குடுங்களேன்.

வந்துருச்சு. அப்பாடா. பேர் அழியல. இதக் காய வச்சு, இந்தப் பக்கம், சூரியனுக்குக் கீழ கிளிப்புல மாட்டிட்டா... மழைப் படத்துல மட்டும் சதுரமா ஒரு தடம் நிக்குது பாருங்க. கலரே உரிஞ்சு வந்துருச்சு. ஈரத்துல அப்படித் தெரியுது, காஞ்சா தெரியாது. தெரியுமா? நீங்க கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பாருங்க, தெரியுதா?

ஏங்க அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? நானா தாலி கட்டி வச்சேன்? பெத்தவன் செஞ்சான், ஊரு பாத்துக்கிட்டு நின்னுச்சு. நான் தினமும் காலைல எப்படி இருக்கன்னு கேட்டேன். அந்தப் புள்ள வாழ்க்கையில அப்படிக் கேட்ட ஒரே ஆளு நான்தாங்க. நாலு நாளா எனக்குத் தூக்கம் கிடையாது. கண்ண மூடினா அவ பந்த மடியில வச்சுக்கிட்டு என்னையப் பாக்குறா. அம்மான்னு கூப்பிடச் சொல்லிப் பழக்குறாங்க டீச்சர்ங்குறா. அப்ப நான் தட்டினேன் பாருங்க ஒரு தட்டு, அந்தச் சத்தம் காதுலயே நிக்குது.

கேட்டத் தொறந்துட்டான். இன்னும் கால் மணி நேரத்துல டவுன் வந்துரும்.

அவளும் வர்றாளாம் இன்னைக்கு. ஹோம்ல இருந்து கூட்டிட்டு வருவாங்களாம். எனக்கு முன்னாடி வச்சே கேப்பாங்களாம், டீச்சர்கிட்டச் சொன்னியாம்மா, டீச்சர் என்ன சொன்னாங்கன்னு. நான் அவளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கப் போறதில்லைங்க. சத்தியமா. பாத்த உடனே, எப்பவும் வட்டத்துல கேக்குறதத்தான் கேப்பேன். "முத்திருளாயி, இன்னைக்கு எப்படித்தா இருக்க?" அவ்வளவுதான். அத்தன பேரு பாத்துக்கிட்டிருக்கும்போது என்ன சொல்லணும்னு அவளுக்குத் தெரியும். என் பேச்சத் தட்ட மாட்டா. வெயில்னுதான் சொல்லுவா.

நான் அங்க இருக்கிற வரைக்கும் வெயில்னுதாங்க சொல்லுவா. நான் கையெழுத்துப் போட்டுட்டு, பைய எடுத்துக்கிட்டு, அந்தக் கதவத் தாண்டி வெளிய வந்ததுக்கப்புறம் என்ன சொல்லுவாளோ, அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு.